பாய் வெட்டிக் கொடுத்த தோல்

டிரைவர் பாயை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது வட்டமாக வெட்டிய ஒரு தோல் துண்டு. கிரீஸில் ஊறவைத்து, கீழே சொட்டாமல், இரு கையாலும் தட்டு ஏந்துவது போல ஏந்தி யார்டுக்குள் வருவார். இன்று ராணிப்பேட்டையில் ஒரு முழு யார்டு என் பொறுப்பில் இருக்கிறது. வண்டியை இழுத்துப் பார்க்காமல் ஒருவரும் கேட்டைத் தாண்ட முடியாது. அந்தப் பிடிவாதம் எனக்கு முன்பே உண்டு. அதற்கு ஒரு முகம் கிடைத்தது பாயிடம்தான்.

நான் முதலில் வேலை பார்த்தது ஆம்பூரில், ஷூ ஏற்றிய கன்டெய்னர்களைச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்பும் ஒரு யார்டில். ஆட்டோமொபைல் படித்த சூட்டோடு வண்டிகளைச் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியின் முதுகில் ஒரு கனத்த இரும்புத் தட்டு இருக்கும். பிப்த் வீல் என்று பெயர். சக்கரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டிரெய்லரின் அடியில் தொங்கும் கிங் பின் என்ற இரும்பு முளை அந்தத் தட்டின் பிளவுக்குள் நுழைந்ததும், உள்ளிருக்கும் தாடைகள் பின்னின் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். அத்தனை சரக்கும் அந்த ஒரு கவ்வலை நம்பித்தான் ஊர் தாண்டுகிறது. எனக்கு அதன்மேல் ஒரு பைத்தியமே இருந்தது. பழைய கிரீஸை டீசல் விட்டுக் கழுவி, விரிசல் ஓடியிருக்கிறதா, போல்ட் ஆடுகிறதா, தாடை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் புது கிரீஸ் தடவும்வரை சோறு இறங்காது. எங்கள் பக்கத்துக்கென்றே இன்னொரு தொல்லையும் உண்டு: உப்புத் தோல் ஏற்றிவரும் வண்டிகளில் உப்புநீர் சொட்டிச் சொட்டிப் பூட்டின் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

பாய்க்குத் தட்டு கிறீச்சிடும் சத்தம் ஆகாது. தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே மெல்லிய தோலை விரித்துவிடுவார். "இஞ்சின் பேசலாம், டிரைவர் பேசலாம். நடுவுல இது இன்னாத்துக்குப் பேசுது?" என்பார். தோல் ஊரில் தோலுக்கா பஞ்சம்? யார்டில் பாதிப் பேர் அவர் வெட்டிக் கொடுத்த தோலோடுதான் ஓட்டினார்கள். பல காலம் ஒரு குறையும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் மதியம் அவர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழக்கமான மெல்லிய தோல் இல்லை. செருப்படிக்குப் போடும் தடித்த எருமைத் தோல். அதன் தடிமனில் டிரெய்லர் உயர்ந்து, கிங் பின்னும் மேலே ஏறிவிட்டது. கழுத்தைக் கவ்வ வேண்டிய தாடைகள் பின்னின் தடித்த நுனியில் முட்டி, பாதி மூடியபடி நின்றன.

"பாய், இது போவாது."

"இன்னா பாப்பா, பூட்டுக் கைப்பிடி உள்ள போய்ட்ச்சு பாரு. கப்பலுக்கு நேரமாவுது, பேஜார் பண்ணாத."

"டிரெய்லர் பிரேக்கப் போட்டுட்டு ஒரே ஒரு தடவ இழுங்க. டிரெய்லரத் தாங்குற முட்டுக்கால் கீழயே இருக்கட்டும்."

"கழண்டுக்கினா என் லைசென்ச நீயே வெச்சுக்கோ" என்று சிரித்தபடி ஏறினார். முன்வண்டி உறுமியது. டிரெய்லர் நகரவில்லை, முன்வண்டி மட்டும் கிங் பின்னை நழுவவிட்டு முன்னே போய்விட்டது. இரண்டையும் இணைக்கும் பிரேக் காற்றுக் குழாய்கள் விறைப்பதற்குள் நிறுத்திவிட்டார். டிரெய்லர் தன் முட்டுக்கால்களின்மேல் தொம்மென்று உட்கார்ந்தது.

"லைசென்ச எடு பாய்!" டீக்கடைப் பக்கமிருந்து ஒரு டிரைவர் கத்த, யார்டே சிரித்தது. நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன். பாய் எதையும் காதில் வாங்கவில்லை. அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "மச்சானுக்கும் இதுலதான் வெட்டிக் குடுத்தேன்" என்றார். அவர் மனைவியின் தம்பி ஒரு மணி நேரம் முன்பு, நான் வேறொரு வண்டியின் அடியில் இருந்தபோது, அதே யார்டிலிருந்து லோடோடு கிளம்பியிருந்தார்.

முதல் தடவை மச்சான் போனை எடுக்கவில்லை. பாய் ஸ்பீக்கரைப் போட்டு மறுபடி அழுத்தினார். சிரிப்பு அடங்கிவிட்டது.

"எங்க இருக்கே?"

"பள்ளிகொண்டா தாண்டிட்டேன் மச்சான். வண்டி வெண்ண மாதிரி போவுது, சத்தமே இல்ல!"

"மெதுவா ஓரங்கட்டு. சடார்னு பிரேக் அடிக்காத. முட்டுக்கால இறக்கிட்டு தள்ளி நில்லு."

"இன்னாத்துக்கு?"

"நான் வெச்ச தோலு தப்பு. கேக்குதா? நான் வெச்சது தப்பு." அத்தனை டிரைவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

தன் சரக்கை யார்டிலேயே விட்டுவிட்டு வெறும் முன்வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். மச்சான் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொய்யா தின்றுகொண்டிருந்தார். அங்கேயும் அதே பாதிக் கவ்வல். கழற்றி, தோலை உருவி, மறுபடி பூட்டினோம். தாடை கழுத்தில் இறுகியதைக் கண்ணால் பார்த்த பிறகே இழுக்கச் சொன்னேன். இம்முறை டிரெய்லரும் சேர்ந்து குலுங்கியது; பிடி விடவில்லை.

"போன்ல சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேன் இல்ல? கப்பல் சரக்க உட்டுட்டு இன்னாத்துக்கு ஓடியாந்தே?" என்றார் மச்சான்.

பாய் டிரெய்லருக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டவேயில்லை.

"உங்கக்காவுக்கு நீயா பதில் சொல்லுவே? டார்ச்ச இப்டி காட்டு பாப்பா, இன்னொரு வாட்டி பாத்துடலாம்."