கைப்பிடி அரிசி டப்பா லேசான வாரம்

சபையாரே, நான் மேடையேறிப் பேசியவள் இல்லை. மீனுக்கு விலை கத்தத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நெஞ்சு ஆறாது. அதனால் சொல்கிறேன்.

போன கார்த்திகையில் என் வீட்டுக்காரர் தாவீது கடலுக்குப் போனார். திடீரென்று வாடைக் காற்று எழும்பியது. பழவேற்காடு முகத்துவாரத்துக்கு வெளியே பைபர் படகு கவிழ்ந்துவிட்டது. கூடப் போனவர்கள் இரண்டு பேரும் நீந்திக் கரையேறினார்கள். அவர் வரவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. எங்கள் குப்பத்து ஆண்கள் எல்லோரும் கரையோரம் நடந்து நடந்து தேடினார்கள். நான் மணலில் உட்கார்ந்தே கிடந்தேன். அழக்கூடப் பயம். அழுதால் அவர் செத்துவிட்டார் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

அரசாங்க உதவி கேட்டு ஆபீசுக்குப் போனேன். "உடம்பு கெடைக்காம செத்துட்டாருன்னு எழுத முடியாதும்மா. அதுக்கு வருஷக்கணக்கா ஆவும்" என்றார்கள். திரும்பி வந்தேன்.

அடுத்து, புயல் நிவாரணம் என்று ஒரு தொண்டு நிறுவனத்தார் அரிசியும் ஐஸ் பெட்டியும் வலையும் கொண்டு வந்தார்கள். எங்கள் குப்பத்தில் எதுவானாலும் தலைக்கட்டுப்படிதான். கல்யாணமான ஆண் இருக்கிற வீடு ஒரு தலைக்கட்டு. ஊருக்கு வரி கொடுப்பதும் அப்படித்தான், ஊரில் பங்கு வாங்குவதும் அப்படித்தான். வந்தவர்கள் ஊரைக் கேட்டார்கள், ஊர் பேர் சொன்னது. நானும் பையோடு நின்றேன். கடைசிவரை எங்கள் வீட்டுப் பேர் வரவில்லை.

ஊர்ப் பெரியவரிடம் போய்க் கேட்டேன். "ஆம்பள இல்லாத வூட்டுக்கு ஏதும்மா தலைக்கட்டு? ஊர் வழக்கம் அது. நான் இன்னா பண்றது?" என்றார். கெட்டவர் இல்லை அவர். என் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் மீன் வந்தால்தானே நான் கூடை தூக்க முடியும்? மில் வேலைக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிற ஒரு ஆள் எங்கள் பக்கம் வந்தான். சாப்பாடு, தங்குகிற இடம் எல்லாம் உண்டு என்றான். என் மகள் சாரா பொன்னேரியில் பிளஸ் டூ படிக்கிறாள். குப்பத்தில் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளை ஒன்று அவ்வளவு தூரம் படித்ததே இல்லை. அவளே வந்து, "நான் போறேம்மா. நைனா வர்ற வரைக்கும்தானே?" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல என்னிடம் என்ன இருந்தது? திங்கட்கிழமை கிளம்ப வேண்டியது. புத்தகங்களை அரிசிச் சாக்கில் போட்டு அவளே கட்டி வைத்தாள்.

அந்த நாட்களில் நான் பண்ணிய ஜெபத்தை இங்கே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. "ஆண்டவரே, அவரைக் கொடும். இல்லையென்றால் அவர் உடம்பையாவது கொடும்" என்று கேட்டேன். எந்தப் பெண்டாட்டியாவது அப்படிக் கேட்பாளா? நான் கேட்டேன். பதில் இல்லை. ஆண்டவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

நம் சபையில் கைப்பிடி அரிசி எடுத்து வைப்போமே, உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி, அதை மட்டும் நான் நிறுத்தவில்லை. பிள்ளை கஞ்சித் தண்ணீர் குடித்த நாளிலும் எடுத்து வைத்தேன். பக்தி என்று மட்டும் நினைக்காதீர்கள். நிறுத்தினால் எங்கள் வீட்டுப் பட்டினி வெளியே தெரிந்துவிடுமே, அந்த மானமும்தான்.

சனிக்கிழமை, வழக்கம்போல சபைக்காக வீடு வீடாக அரிசி சேர்க்கிற பாலம்மா அக்கா வந்தார். டப்பாவைக் கையில் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாடி, இவ்ளோ லேசா கீது?"

உலை வைத்தால்தானே பிடி அரிசி? அக்கா விறுவிறுவென்று உள்ளே போய்ப் பானையைத் திறந்து பார்த்தார். கட்டி வைத்த சாக்கையும் பார்த்தார். பிறகு என்னைப் பிடித்து உலுக்கினார்.

"அடிப் பாவி! உன் புள்ள வாயிலேர்ந்து புடுங்கின அரிசியவா ஆண்டவர் கேட்டாரு? நாங்க இன்னா செத்தா பூட்டோம், எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு?"

அப்போதுதான் அழுதேன். கார்த்திகையிலிருந்து அழாத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபைச் செலவுக்காக வழக்கமாக ஏலம் விடுகிற அந்தப் பிடி அரிசியைப் பெண்கள் விற்க விடவில்லை. என் வீட்டில் கொண்டுவந்து கொட்டினார்கள். அதோடு விடாமல் ஊர்க் கூட்டத்துக்கும் போனார்கள். பெண்கள் போய்ப் பேசுகிற இடமில்லை அது. பாலம்மா அக்காதான் பேசினார்.

"உடம்பு கெடைக்கல, அதனால சாவலன்னு சர்க்கார் சொல்லுது. சாவலன்னா அவன் தலைக்கட்டு எங்க போச்சு? சர்க்காருக்கு உயிரோட கீறான், ஊருக்கு மட்டும் செத்துட்டானா?"

யாரோ ஒருவன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டே, "அவ கேக்கறது நாயம்தான். தாவீது பேர சேத்துக்கோங்கப்பா" என்றார்.

திங்கட்கிழமை மில்காரன் வந்தான். சாரா பொன்னேரி பஸ்ஸில் ஏறிப் போயிருந்தாள்.

சபையாரே, அவர் இன்னும் வரவில்லை. உடம்பும் வரவில்லை. நான் கேட்ட இரண்டையும் ஆண்டவர் கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது, இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நான் வாய் திறந்து கேட்கத் தெரியாததை அவர் கொடுத்தார். கரையில் மீன் வாங்கி, நிவாரணத்தில் வந்த ஐஸ் பெட்டியில்தான் இப்போது வைத்து விற்கிறேன். கைப்பிடி அரிசியில் பாதியை இப்போது ஏலம் விடாமல் குப்பத்திலேயே வைக்கிறோம். சனிக்கிழமை அக்காவோடு நானும் வீடு வீடாகப் போகிறேன். எந்த டப்பா லேசாக இருக்கிறதோ, அந்த வீட்டுக்குள் கேட்காமலே நுழைந்துவிடுவோம். பிள்ளை சாக்கு கட்டும்வரை காத்திருக்கக் கூடாது. உங்கள் வீட்டு டப்பா லேசாக இருந்தால் மறைக்காதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். நம்பிச் சொல்லுங்கள்.

அடுத்த முறை நிவாரணம் கொடுத்த அன்றைக்கு, கூட்டத்தில் "தாவீது!" என்று உரக்கக் கூப்பிட்டார்கள். சாரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கீறோம்யா" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனேன்.