மூன்று நாள் வாடாத கன்று

கடலோரச் சதுப்பில் அலையாத்திக் கன்று வளர்க்கும் நாற்றங்காலில் அவளுக்குக் கால்வாய்க்காரி என்று பெயர் விழுந்து பத்து வருடமாகிறது. வாயைத் திறந்தால் கால்வாய்தான். சாப்பிடும்போதுகூடத் தட்டில் விரலால் கோடு இழுத்து, தண்ணீர் எந்த வழியாக வரவேண்டும் என்று காட்டுவாள். "உன் புருஷன் லாரி ஓட்டப் போனதே இந்தப் பேச்சுக்குப் பயந்துதான்" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும் மறுபடி கால்வாய்.

அவள் சொன்னது ஒன்றும் மந்திரமில்லை. அலையாத்திக்குத் தண்ணீர் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். கரை போட்டு வழியை அடைத்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் வெயிலில் வற்றி, உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். அங்கே புல்கூட முளைக்காது. கடல் முகப்பில் இருக்கும் சாம்பல் சேற்றிலோ தண்ணீர் இறங்குவதே அபூர்வம்; கன்று மூச்சு முட்டிச் சாகும். ஆனால் நடுகிற பெரிய மனிதர்களுக்கு அந்தச் சேறுதான் பிடிக்கும். யாரும் சொந்தம் கொண்டாட வரமாட்டார்கள், படகிலிருந்து படம் எடுக்கவும் வசதி. வருடாவருடம் நடுவார்கள், வருடாவருடம் சாகும். இதைச் சொன்னால், "பையில மண்ணு நிரப்பற வேலையப் பாரும்மா" என்பார்கள்.

காது கொடுத்துக் கேட்டவன் ஒருவன்தான், புதிதாக வந்த திட்ட அதிகாரி. முதல் நாளே இடுப்புவரை சேற்றில் புதைந்து, பூட்ஸ் இரண்டையும் உள்ளேயே விட்டுவிட்டு, அவள் நீட்டிய கழியைப் பிடித்துக் கரையேறினான். அன்றிலிருந்து அவளை அக்கா என்றான். அவள் வீட்டில் கை நனைத்தான். நிலாவைப் பார்த்துத் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று கணக்குப் போட அவளிடமே கற்றுக்கொண்டான்.

அவன் அனுமதி வாங்கிக் கொடுத்தான். இருபது பெண்கள் பழைய கரையை வெட்டித் திறந்தார்கள். நடுவில் ஒரு பெரிய கால்வாய், இரண்டு பக்கமும் மீன்முள் போலக் கிளைக் கால்வாய்கள். மூன்றாம் வருடம் பச்சை தட்டியது. ஆறாம் வருடம் மரங்கள் ஆளுயரம் நின்றன. அடியில் தானாக விழுந்து முளைத்த கன்றுகள் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பெற்ற வயிறு குளிர்ந்த மாதிரி இருக்கும்.

தங்கையை அங்கே வேலைக்குச் சேர்த்ததும் அவள்தான். தண்ணீர் வற்றிய நேரத்தில், அடி வெட்டிய பெயின்ட் டப்பாவைக் கன்றைச் சுற்றி அழுத்தி, வேரோடு மண்ணோடு தூக்கும் வித்தையை அவளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தாள். அப்படி எடுத்த கன்றை எங்கே வைத்தாலும் மூன்று நாள் வாடாது. நான்காம் நாள்தான் இடம் பிடித்ததா இல்லையா என்று காட்டும். மற்ற பெண்கள் எடுத்தால் வேர் அறுந்து அன்று சாயங்காலமே தலை தொங்கிவிடும். தங்கைக்கு அந்தக் கை வாய்த்திருந்தது.

இவ்வளவுக்கும் பாதி வேலைதான் முடிந்திருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் அதே அளவு நிலம் இன்னும் வெள்ளையாகவே கிடந்தது. அதற்குப் பின்னால்தான் அவள் தெரு. போன புயலில் கடல் அந்த வெட்டவெளியைத் தாண்டி வந்து, ஜன்னல் உயரத்துக்கு வீடுகளில் நின்றது. அங்கேயும் கால்வாய் வெட்டலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வருவதாக இருந்தது. "முதல்ல உங்க இடத்துக்குத்தான் கூட்டிட்டு வருவேன். நீங்கதான்க்கா பேசணும்" என்றான் அதிகாரி. அதற்கு வரைபடம் வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு அவளையே அனுப்பினான். இரண்டு நாள் காத்திருந்து வாங்கி, மழைத்தாளில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

வந்தவளை நேரே படகில் ஏற்றினார்கள். குழு முதலில் கடல் முகப்பைப் பார்க்கிறதாம். அங்கே மேலிடம் சொன்னதென்று அதிகாரி போன வருடம் நட்டது முழுக்கச் செத்து, குச்சிதான் மிஞ்சியிருந்தது. அவளுக்குத் தெரியும். ஆனால் படகு திரும்பியதும் கண்ணை நம்ப முடியவில்லை. குச்சிக்கு ஒரு கன்று, பச்சைப் பசேலென்று, வரிசை வரிசையாக.

முதலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் ஊரெல்லாம் கூவியது தப்பா? அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தாள். அப்புறம்தான் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு கன்றின் காலடியிலும், சாம்பல் சேற்றுக்கு நடுவே, டப்பா அளவில் வட்டமாகக் கறுப்பு மண். அது அவளுடைய கால்வாய்க் கரை மண். அப்படி மண்ணோடு தூக்குகிற கை அவளை விட்டால் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. நிமிர்ந்தாள். படகின் மறுமுனையில் தங்கை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இங்க வளந்ததில்லைங்க. முந்தாநேத்து என் இடத்துலேருந்து எடுத்து வச்சிருக்காங்க. மண்ணு நெறத்தப் பாருங்க" என்றாள் குழுத் தலைவியிடம்.

தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நாற்றங்கால் மேற்பார்வை யாரும்மா?" என்றார்.

போன வாரம்தான் தங்கையை அந்த வேலையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் முன்னால் வந்தாள். "போன வருசம் நட்ட கன்னுங்க இது. எங்கக்கா சொல்றத மனசுல வச்சுக்காதீங்க. அவளுக்கு அவ கால்வாய விட்டா வேற எதுவும் கண்ணுல படாது."

எல்லோரும் புன்னகைத்தார்கள். அக்கா தங்கைச் சண்டை, பாவம்.

"கால் மணி நேர நடைதான், என் இடத்துக்கு வந்து குழிய எண்ணிப் பாருங்க" என்று கெஞ்சினாள். அதிகாரி வானத்தைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். "தண்ணி ஏறப்போகுதுக்கா. நடந்து போனா திரும்பிப் படகுக்கு வர முடியாது." கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் சொல்லிக்கொடுத்த கணக்காயிற்றே. வரைபடம் பிரிக்காமலே அவள் கையில் இருந்தது.

கடல் முகப்பிலேயே இன்னும் நடலாம், கால்வாய்க்கு இப்போது அவசியமில்லை என்று மறுநாளே முடிவாகிவிட்டது. கூட இருந்தே குழி பறிப்பது என்று சும்மாவா சொன்னார்கள்? அவளுடைய மரங்களுக்கடியில் போய்ப் பார்த்தால், இளங்கன்று நின்ற இடமெல்லாம் வட்ட வட்டமாகக் குழி. தங்கை நல்லதாகப் பொறுக்கி எடுத்திருந்தாள்.

நான்காம் நாள் மத்தியானம் தங்கை அங்கே வந்தாள். கடல் முகப்பில் கன்றெல்லாம் தலை தொங்கிவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால்வாயின் அந்தக் கரையிலேயே நின்றாள்.

"வேலைய நிரந்தரம் பண்றேன்னு ஆபீசர் சொன்னாருக்கா. எனக்கும் பொழப்பு இருக்கில்ல?"

கால்வாய்க்காரி ஒரு குழியைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்துதான் எடுத்தேன்க்கா. நீ சொல்லிக்குடுத்த மாதிரியே. ஒண்ணுலகூட வேர் அறுபடல, சத்தியமா."

"அதான்டி தாங்க முடியல" என்றாள் அக்கா. "வேற எவளாவது புடுங்கியிருந்தா அன்னிக்கே வாடியிருக்கும். அவங்க கண்ணால பாத்திருப்பாங்க."

கால்வாயில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. கிளைக்குள் புகுந்து, முதல் வரிசைக் குழிகளை நிரப்பியது. அக்கா அடுத்த குழிக்கு நகர்ந்தாள்.