அந்தக் குழாயைத் திறந்தது யார்?

டாக்டர் சார், நீங்கள் கேஸ் ஷீட்டில் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

இந்த வாரம் இந்தப் பத்தியில் மேலூர் பஸ் ஸ்டாண்டு கக்கூஸைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அது எங்கே போகப்போகிறது... நாறிக்கொண்டுதான் இருக்கும்.

டைஃபாய்டில் விழுந்த என் மகளோடு, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் பத்து நாள் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் மலர். ஆறு வயது. கொட்டாம்பட்டிப் பக்கம் கடலைக்காட்டில் விரியன் கடித்த பிள்ளை. விஷம் இறங்கிவிட்டது, ஆனால் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன.

கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே, பெரிய ரத்தக்குழாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகியிருந்தார்கள். அதன் வழியாகத்தான் ரத்தம் டயாலிசிஸ் மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பும். ரெண்டு மூணு வாரம் இப்படி ஓட்டிவிட்டால் சிறுநீரகம் தானே வேலை செய்ய ஆரம்பிக்கலாம் என்றார் மெஷின் டெக்னீஷியன். அதுவரை அந்தக் குழாய்தான் பிள்ளையின் உயிர்.

மலரின் அம்மா பாண்டியம்மாவிடம் அவர் கண்டிப்பாகச் சொன்னார்: "இது மெஷினுக்கு மட்டுந்தான்க்கா. என்னையத் தவிர யாரையும் தொட விடாதீங்க."

அந்தம்மா அப்படியே செய்தது. தூக்கத்தில் பிள்ளை சொறிந்துவிடக் கூடாதென்று கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கும்.

ஆறாம் நாள் காலை நீங்கள் வந்தீர்கள். மருந்து ஏற்ற வேண்டும். கையில் நரம்பு கிடைக்கவில்லை. நாலு தடவை குத்தினீர்கள். பிறகு கழுத்தடிக் கட்டைப் பிரித்து, அந்தக் குழாயின் மூடியைத் திறந்தீர்கள் — கையைக்கூடக் கழுவாமல்.

"சார், அதத் தொடக்கூடாதுன்னு மெஷின்காரத் தம்பி சொல்லிட்டுப் போயிருக்கு."

"ஏம்மா, நீ எந்த காலேஜ்ல படிச்ச?"

நர்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆமாம்... சிரித்தேன். மருந்தை அந்தக் குழாய் வழியாகவே ஏற்றினீர்கள். வார்டில் இது வழக்கமாம். ரெடியாக ஒரு வழி திறந்திருக்கும்போது இன்னொரு முறை குத்துவானேன்?

மறுநாள் குளிர்ஜுரம். கட்டிலே ஆடியது. குழாய் இறங்கிய இடம் சிவந்து வீங்கிவிட்டது. அதை எடுத்துவிட்டார்கள். மாற்றிப் போடச் சின்னக் குழாய் கையிருப்பில் இல்லை, இருந்ததெல்லாம் பெரியவர்களுக்கானது. மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அது வந்து சேரும்வரை மலர் தாங்கவில்லை.

கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டை நான் படித்தேன். தாய் அசுத்தமான கையால் குழாயைத் தொட்டதால் கிருமி ஏறியது என்று எழுதியிருந்தது. கீழே உங்கள் கையெழுத்து.

அதை அந்தம்மாவிடமும் சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளையை வாங்கிப் போகக் காத்திருந்தபோது என்னிடம் கேட்டது:

"அண்ணே, ஒருக்கா கழுத்து வேர்வைய முந்தானையால ஒத்தி எடுத்தேன். கட்டு மேலகூடப் படல. அதுலதான் போயிருச்சாண்ணே?"

இல்லம்மா என்றேன். நான் சொல்லி யார் நம்புவது? நான் டாக்டரா? படித்தவன் செய்த தப்பைச் சுமக்க, படிக்காத ஒருத்தர் எப்போதும் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறார்.

டாக்டர் சார், குழாயைத் திறந்தது நீங்கள். பார்த்த சாட்சி நான். பாண்டியம்மா தொடவில்லை என்று, இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நானே பஸ் ஏறிப் போய் வாசித்துக் காட்டுகிறேன்.