என் வீட்டுத் தலைமையாசிரியை

மண்ணூர்பேட்டையில் நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தபோது எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன், அவ்வளவுதான். ஆசிரியர் பயிற்சி கிடையாது. ஆள் கிடைக்காத காலம், எடுத்துக்கொண்டார்கள். சில வருஷம் கழித்துப் பயிற்சி முடித்த டீச்சர் ஒருவர் அங்கே வந்தார். அவரையே கல்யாணம் செய்துகொண்டேன்.

தலைமையாசிரியர் ஓய்வு பெற்றதும் அடுத்து நான்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் புது வேட்டி வாங்கிவிட்டேன். பள்ளியைப் பார்வையிட வந்த டெபுடி இன்ஸ்பெக்டர் விதியைச் சொன்னார்: பயிற்சி பெறாதவருக்குப் பதவி உயர்வு இல்லை, பயிற்சி இல்லாமல் பார்த்த சர்வீஸ் சீனியாரிட்டியிலும் சேராது. எனக்கு அடுத்தபடி இருந்தது என் மனைவி.

அன்று ராத்திரி புது வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

"எனக்கு வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்றாள்.

"சொன்னா வேற யாராவது வருவாங்க. நீயே இரு."

பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் வேலை செய்த ஒரு பிள்ளையின் அப்பா மறுநாள் வாசலில் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், ஊட்லயும் அம்மாதான், இஸ்கூல்லயும் அம்மாதானா?"

"ஊட்லயாவது எதிர்த்துப் பேசலாம்பா," என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் என் மனசும் லேசாகிவிட்டது.

அவள் விடவில்லை. "ரெண்டு வருஷம்தானே, வீட்டை நான் பாத்துக்கறேன்" என்று பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினாள். மீசை முளைக்காத பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். "இன்னா நைனா, ஓம் ஒர்க் முட்ச்சிட்டியா?" என்று கேட்டு என் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள்.

பாடம் நடத்திப் பழக ஒரு மாதம் என்னை எங்கள் பள்ளிக்கே அனுப்பினார்கள். என் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்தாள். பின்னங்களைப் பிரமாதமாக நடத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா நடத்தறீங்க. ஆனா போர்டை மறைச்சுக்கிட்டே நிக்கறீங்க. பின்னாடி ஒண்ணும் தெரியல."

"எப்பவும் அப்பிடித்தான் சார்!" என்று வகுப்பே கத்தியது. இத்தனை வருஷம் ஒருவரும் சொல்லவில்லை!

பயிற்சியில் தேறினேன். சர்வீஸ் புதிதாக எண்ணப்பட்டதால் இன்னும் சில வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஆவடிக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கு என்னைத் தலைமையாசிரியராகப் போட்டார்கள். முதல் நாள் அவளும் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு பஸ்ஸில் கூட வந்தாள். என் நாற்காலியில் முதலில் தானே உட்கார்ந்து பார்த்தாள்.

"ஒரு கால் ஆடுது. ஆசாரியை வரச் சொல்லுங்க," என்றாள்.