ஆள்காட்டி அடைகாத்த நிலம்

கோப்பாயில் நான் வேலை செய்யும் கிளினிக்கில் அன்று குழந்தைகளை நிறுக்கும் நாள். வீறிட்டு அழும் ஒரு குழந்தையைத் தராசிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அழைத்தவள் ராணி. முன்னர் எங்களோடு மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள். "சுகந்தி, எங்கடை மங்கையக்கா விடிய எழும்பேல்லையாம்" என்றாள். எனக்கு உடனே விளங்கவில்லை. "ஏன், காய்ச்சலே?" என்று கேட்டேன். ராணி அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டது. நான் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அடுத்த குழந்தையை வாங்கி நிறுத்தேன். வேறு என்ன செய்வதென்று அந்த நேரத்தில் தெரியவில்லை.

கரவெட்டியில் மங்கையக்காவின் வீட்டு முற்றத்தில் அன்று கூடியவர்களில் பலர் ஒருகாலத்தில் எங்களோடு மிதிவெடி அகற்றும் சீருடையை அணிந்த பெண்கள். மரணச் சடங்கில் பேசியவர்கள் அவருடைய துணிச்சலைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவருடைய மகள் வதனி என் அருகில் வந்து, "அன்ரி, அம்மா வேலையிலை எப்பிடி எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரோடு முள்ளுக்குள் முழந்தாளிட்டிருந்த உங்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். வதனிக்குத் தெரியாது.

நாங்கள் வேலை செய்த இடம் தென்மராட்சிக்குக் கிழக்கே, போர்க்காலத்தில் முன்னரங்கு இருந்த மணற்பாங்கான காணிகள். சனங்கள் வெளியேறிய பின் அங்கே ஆள் கால் வைக்கவில்லை, முள் வைத்தது. விடத்தலும் சூரையும் காரையும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நின்றன. இடையிடையே நாகதாளிப் புதர்கள். வீட்டு அத்திவாரங்களுக்குள் எருக்கலை. எங்கோ ஒரு பாலை மரம், ஒரு வீரை மரம். மனிதர் பயந்து ஒதுங்கிய அந்த நிலத்தில் முயலும் கீரியும் உடும்பும் நரியும் பயமில்லாமல் திரிந்தன. அவற்றில் சில மிதித்து வெடித்ததும் உண்டு. எலும்புகளைக் கண்டிருக்கிறோம்.

மங்கையக்கா எங்கள் குழுவின் பொறுப்பாளர். நான் குழுவின் மருத்துவ உதவியாளர். அம்புலன்ஸ் பக்கத்தில் காத்திருப்பது என் வேலை. எனக்கு வேலை வராமல் பார்ப்பது அவருடைய வேலை. காலையில் கவச அங்கியை மாட்டும்போது, "சுகந்தி, இண்டைக்கும் உம்மைச் சும்மாதான் இருத்துவம்" என்பார். நான் அங்கே இருந்த காலம் முழுவதும் அந்த வாக்கைக் காப்பாற்றினார். வெயிலில் மயங்கியவர்களையும் முள் ஏறிய கைகளையும் தவிர, அவருடைய குழுவில் எனக்குப் பெரிய காயம் ஒன்றையும் கட்ட நேரவில்லை.

அவருடைய கணவர் மீள்குடியேறிய புதிதில் வேலியடைக்க முள்ளு வெட்டப் போனவர். போன இடத்தில் மிதிவெடியில் அகப்பட்டு இறந்தார். வதனி அப்போது கைக்குழந்தை. இதை அவர் ஒரே ஒரு தரம்தான் எனக்குச் சொன்னார், சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டே.

மிதிவெடி தேடுகிறவர்கள் முதலில் பற்றையைத்தான் வெட்ட வேண்டும். கால் தட்டினால் வெடிக்கவைக்கும் இழுகம்பி இருக்கிறதா என்று பார்த்து, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்து, பிறகுதான் மண்ணுக்கு வரவேண்டும். பொறுமை கெட்டுப்போகிற வேலை. மற்றக் குழுக்களில் வேலை முடிந்ததும் என்ன எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்பார்கள். மங்கையக்கா அதைக் கேட்டு எழுதிய பிறகு, தேத்தண்ணியோடு இன்னொன்றும் கேட்பார்: "வேறை என்ன கண்டனீங்கள்?" முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு போட்டி போட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். காய்ந்த சருகுக்குள் சருகைப்போலவே கிடந்த பக்கிக் குருவி, ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்ட நட்சத்திர ஆமை, சூரைப் பற்றைக்குள் புலுனிக் குருவியின் கூடு. ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர், இது என்ன விளையாட்டு என்று கேட்டார். "விளையாட்டில்லை, சேர். சருகுக்கை கிடக்கிற குருவியைக் காணுற கண்ணுக்குக் கம்பியும் தெரியும்" என்றார் மங்கையக்கா. வந்தவர் தலையாட்டிவிட்டு எங்களோடு இருந்து தேத்தண்ணி குடித்தார்.

ஆள்காட்டிக் குருவியின் கதை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ராணி வேலை செய்த ஒழுங்கையில் அது நடந்தது. ஆபத்து எல்லையைக் காட்டும் சிவப்புக் கட்டைகளுக்கு நடுவே நாங்கள் துப்புரவாக்கிக்கொண்டு போகும் ஒடுங்கிய பாதையை ஒழுங்கை என்றுதான் சொல்வோம். பற்றையை வெட்டிக்கொண்டு போனவளுக்கு முன்னால் ஆள்காட்டி ஒன்று கத்திக்கொண்டு எழும்பியது. வெறும் மண்ணில், சிறு கற்கள் நடுவே, மண் நிறத்தில் முட்டைகள். ராணி சத்தம்போட்டுக் கேட்டாள்: "மங்கையக்கா, கையை நீட்டினால் எட்டும். எடுத்து அங்காலை வைக்கட்டே?"

"வேண்டாம். கையை எடும். பின்னாலை வாரும்."

அவர் அந்த இடத்தைச் சுற்றிக் கட்டைகள் நட்டு, வேலையை அடுத்த ஒழுங்கைக்கு மாற்றினார். குருவிக்காக வேலையை நிறுத்துகிறாவாம் என்று மற்றக் குழுக்களில் பகிடி பண்ணினார்கள். எங்கள் வண்டிச் சாரதி ஒவ்வொரு நாளும், "அக்கா, பிள்ளைப்பெறு முடிஞ்சுதே?" என்று கேட்பார். முதலில் குருவியின் கத்தல் கேட்டுக்கொண்டே இருந்தது. தாய்ப்பறவை எங்களுக்குப் பழகி, பிறகு முகக்கவசம் போட்டவர்கள் கிட்டப் போனால்கூட எழும்பாமல் இருந்தது. ஒரு காலை வந்து பார்த்தபோது குஞ்சுகள் பொரித்திருந்தன. உலர்ந்ததும் நூல்போன்ற கால்களால் ஓடித் திரிந்து, மறுநாள் தாயோடு பற்றைக்குள் போய்விட்டன.

பிறகுதான் கட்டைகள் நட்ட அந்தச் சதுரத்தைத் துப்புரவாக்கினார்கள். மங்கையக்கா தானே முழந்தாளிட்டார். முட்டைகள் இருந்த இடத்துக்குக் கீழே மிதிவெடி ஒன்று இருந்தது. முட்டையை எடுக்கப் போயிருந்தால் ராணி கையை ஊன்றியிருக்கக்கூடிய இடம். ராணி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். "குருவியின்ரை பாரத்துக்கு இது வெடிக்காது" என்றார் மங்கையக்கா, அவ்வளவுதான். சாரதி அதன்பிறகு பகிடியை விட்டுவிட்டார்.

அடுத்தது தீ பிடித்த நாள். இதில் நான் சொல்ல வேண்டிய நன்றி இருக்கிறது. சோளகக் காற்று வீசுகிற காலம். எல்லைக்கு அப்பால் யாரோ தோட்டத்துக் குப்பையைக் கொளுத்தியிருக்கிறார்கள். வெயிலில் தலைசுற்றிய ஒரு பெண்ணைப் பார்க்க நான் ஒழுங்கை வழியே உள்ளே போயிருந்தேன். திரும்ப எழும்பியபோது நாங்கள் வந்த பாதைப் பக்கம் புகை. காய்ந்த விடத்தல் சடசடவென்று பற்றிக்கொண்டது. தீக்குள் ஒரு வெடி கேட்டது, பிறகு இன்னொன்று. நாங்கள் நின்ற இடம் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக்கூடிய அகலம். இரண்டு பக்கமும் சிவப்புக் கட்டைகள். அவற்றுக்கு அப்பால் இன்னும் தேடி முடிக்காத நிலம்.

மங்கையக்கா எங்கள் எல்லாரையும் ஒழுங்கையின் கடைசிவரை நடத்திப் போனார். அங்கே பற்றை வெட்டி முடிந்த ஒரு வெறும் மணல்துண்டு இருந்தது. எங்களுக்குப் பாதுகாப்பான இடம் அதுதான் என்றால், மற்ற உயிர்களுக்கும் அதுதான். முயல் ஒன்று எங்கள் கால்களுக்கு நடுவால் பாய்ந்தது. கீரி போனது. கௌதாரிகள் பறக்காமல் வரிசையாக ஓடின. அவற்றுக்குப் பின்னால், அவசரமில்லாமல், தடித்த புடையன் பாம்பு ஒன்று நேரே எங்களை நோக்கி ஊர்ந்து வந்தது.

நான் மருத்துவ உதவியாளர். புடையன் கடித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றும் தெரியும். ஒருத்தி மண்வாரியைத் தூக்கினாள். என் கால் தன்பாட்டில் பின்னால் போகப் பார்த்தது. பின்னால் சிவப்புக் கட்டை.

"ஒருத்தரும் பின்னாலை காலெடுத்து வைக்கக்கூடாது" என்றார் மங்கையக்கா. கத்தவில்லை. கத்தியிருந்தால் நாங்கள் ஓடியிருப்போம். "மண்வாரியைக் கீழை விடும். உதுவும் எங்களைப்போலை இடம்பெயர்ந்துதான் வருது. போக வழி விடுவம்." பிறகு என்னைப் பார்த்து, "சுகந்தி, பாம்பைப் பார்க்காதையும். என்னைப் பாரும்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். முகக்கவசத்தை மேலே தள்ளியிருந்தார். புருவத்தில் சாம்பல். அவர் கண்ணை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பாம்பு என் சப்பாத்தைத் தொட்டுக்கொண்டு போனதாக ராணி பிறகு சொன்னாள். எனக்குத் தெரியாது. காற்றுத் திரும்பி, பக்கத்தில் இருந்த வறண்ட குளத்தின் மணலுக்கு வந்து தீ அடங்கியபோது, அவர் எங்களைப் பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். என் இரண்டு பிள்ளைகள் இன்று தாயோடு இருக்கிறார்கள் என்றால், அந்தக் குரல் காரணம். உயிரோடு இருந்தபோது இதை அவரிடம் சொன்னேன். "பேய்க்கதை கதைக்காதையும், நீர் அசையாமல் நிண்டபடியால்தான் தப்பினனீர்" என்று தட்டிவிட்டார். இப்போது தட்டிவிட ஆளில்லை. அதனால் இங்கே பதிகிறேன்.

அந்த நிலம் துப்புரவாகி முடிந்ததும் சொந்தக்காரர் அருமைத்துரை ஐயாவும் மனைவியும் வந்தார்கள். இடம்பெயர்ந்து, சாவகச்சேரியில் உறவினர் வீட்டிலேயே வாழ்ந்து வயது போனவர்கள். தீயில் தப்பிய பற்றை, குளத்துக்கு வடக்கே ஒரு பாலையையும் வீரைகளையும் சுற்றி நின்றது. அதற்குள்ளும் எங்கள் பெண்கள் முழந்தாளில் போய், மரங்களின் அடிவரை தேடி முடித்திருந்தார்கள். ஐயா அதைப் பார்த்ததும், "நாளைக்கே டோசர் விட்டு முழுக்க வழிப்பன்" என்றார்.

"அந்த மூலையை மட்டும் விடுங்கோ ஐயா. நெருப்புக்கை தப்பினதெல்லாம் அதுக்குள்ளைதான் கிடக்குது" என்றார் மங்கையக்கா.

ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளை, நான் இல்லாதபடியால்தானே உந்த முள்ளு வந்தது? என்ரை காணியிலை நான் காணாத காலமெல்லாம் அதிலை நிக்குது. அதைப் பார்த்துக்கொண்டு என்னெண்டு இருக்கிறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மங்கையக்கா தன் கணவர் எப்படிப் போனார் என்று அவருக்குச் சொன்னார். என்னிடம் சொன்ன அதே சில வரிகள். பிறகு, "முள்ளிலை பிழையில்லை ஐயா. புதைச்சவையிலைதான் பிழை. நான் கனகாலம் யோசிச்சுத்தான் இதைச் சொல்லுறன்" என்றார்.

ஐயா தலை குனிந்துகொண்டார். ஆனால் சம்மதிக்கவில்லை. சம்மதிக்க வைத்தது அவருடைய மனைவி. அவ்வளவு நேரமும் பாலை மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், "ஆடு வளர்க்கிறதெண்டால் இலை குழைக்கு எங்கை போறது? அது நிக்கட்டும்" என்றார். ஐயா, "அப்ப நிக்கட்டும்" என்றார்.

வண்டியில் திரும்பும்போது மங்கையக்கா வாய்விட்டுச் சிரித்தார். "நான் குருவியைச் சொன்னன், முயலைச் சொன்னன், என்ரை மனுசனையும் சொன்னன். கடைசியிலை ஆடுதான் வெண்டுது! எதுக்காக எண்டாலும் நிண்டால் சரி."

இந்த வருடம் பாலை பழுத்த காலத்தில் நாங்கள் இருவரும் அருமைத்துரை ஐயாவின் காணிக்குப் போனோம். எங்கள் வேலை முடிந்து வெகுகாலம். ஐயா வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஒரு சிரட்டை நிறைய மஞ்சள் பாலைப்பழம் பொறுக்கித் தந்தார். மரத்தில் குயிலும் கிளியும் பழத்துக்குச் சண்டை பிடித்தன. பற்றையின் ஓரத்தில் கௌதாரி ஒன்று குஞ்சுகளோடு வெளியே வந்து, எங்களைக் கண்டு உள்ளே போனது.

மங்கையக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வேலையை விட்டு எத்தனை காலம் ஆகியும் அவர் வெறும் நிலத்தில் உட்காரமாட்டார். கோயில் வீதியிலும் உட்கார ஒரு கல்லைத் தேடுவார். கடற்கரையிலும் நின்றுகொண்டே இருப்பார். கால் வைப்பதற்கு முன் மண்ணைப் பார்ப்பார். அன்று கதைத்துக்கொண்டே வந்தவர், பாலை மரத்தடியில் சட்டென்று மண்ணில் உட்கார்ந்தார். கீழே பார்க்கவில்லை. காலை நீட்டி, இரண்டு கைகளையும் பின்னால் மண்ணில் ஊன்றி, சருகை விரல்களால் அளைந்தார். அவர் அதைக் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாலைப்பழம் தின்றால் பால் உதட்டில் ஒட்டும். அளவில்லாமல் தின்றோம். பிறகு அவர் ஏதோ சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார். உதடுகள் ஒட்டிக்கொண்டு வரவில்லை. எனக்கும் அப்படித்தான். கதைக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

வதனி, உன் அம்மாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பின்னேரம். பார்க்காமல் கை ஊன்றக்கூடிய நிலம் அவர் கைக்குக் கீழே இருந்தது. அந்த நிலத்தில், அவருக்குப் பக்கத்தில், நானும் இருந்தேன்.