ஜோடியில் ஒன்று

என் பக்கத்து வீட்டு வில்ஃப் சார்ல்டனின் வாயில் ‘முடியாது’ என்ற சொல் வராது. நல்லவர் என்ற எல்லையைத் தாண்டி ஏமாளி என்ற ஊரில் குடியேறி வெகுகாலமாகிவிட்டது.

கரிச்சுரங்கம் மூடியபின் அவருக்கு மிஞ்சியவை தேய்ந்த முழங்கால், இறந்த மனைவி எல்சியின் படம், கொல்லையில் ஒரு லீக் பாத்தி. லீக் என்றால் கடையில் விற்கும் ஒல்லிப்பிச்சான் வெங்காயத் தண்டு இல்லை. எங்கள் நார்தம்பர்லாந்து ஆண்கள் செப்டம்பர் போட்டிக்கென்று வளர்ப்பது தொடைப் பருமன் இருக்கும். போட்டிக்கு ஜோடியாகத்தான் வைக்க வேண்டும், இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல. ஒன்று மட்டும் இருந்தால் ஒற்றைச் செருப்புதான். வில்ஃபுக்கு வருஷாவருஷம் ஒன்று கொழுக்கும், மற்றது இளைக்கும். இந்த வருஷம்தான் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாக நின்றன.

“இந்த வருஷத்தோட பாத்திய மூடிடறேன் எனிட். குனிஞ்சா எழ முடியல. ஒரு தடவ ஜெயிச்சுட்டுப் போறேன்” என்றார்.

போட்டி சனிக்கிழமை. புதன்கிழமை வந்து இறங்கினார்கள் எல்சியின் அக்கா மகள் இமோஜனும் அவள் புருஷன் ரூபர்ட்டும், முதுகில் ஆளுக்கொரு மூட்டையோடு.

மறுநாள் எட்டிப் பார்த்தேன். தட்டு கழுவும் தொட்டியில் வெந்நீர் ஊற்றி ரூபர்ட் கால் ஊறவைத்துக்கொண்டிருந்தான். தோல் உரிந்து மேலே மிதந்தது. டீ கெட்டிலின் கைப்பிடியில் இரண்டு ஈரக் காலுறைகள். மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“வில்ஃப், அதுலதான நீங்க தட்டு கழுவுறது?”

“இருக்கட்டும் கண்ணு. கழுவுனாப் போச்சு.”

இமோஜன் டோஸ்ட் தின்றபடியே பெருமை பேசினாள். “தெக்குக் கோடி கார்ன்வால்லேர்ந்து இங்க வடக்கு வரைக்கும் ஒரு இடத்துலயும் ரூம் எடுக்கல ஆன்ட்டி. சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் வீடாவே புடிச்சு வந்துட்டோம். இங்கிலாந்த இப்படித்தான் பாக்கணும்!”

“இங்கிலாந்து உங்களப் பாத்துட்டு என்ன சொல்லிச்சு?” என்று கேட்டேன். சிரித்தாள். அவளுக்கு உறைத்தால்தானே.

வில்ஃப் சும்மா இருந்திருக்கலாம். “தோட்டத்துல என்ன வேணுமோ பறிச்சுக்கோங்க, உங்க வீடு மாதிரி” என்றார். அப்படிச் சொல்வது எங்கள் ஊர் மரியாதை. ‘ஐயோ, வேண்டாம்’ என்று பதில் சொல்வதும் மரியாதைதான். அதை நம்பி யாரும் மண்ணில் கை வைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை போட்டிக்காக முடி வெட்டிக்கொண்டு வந்தவர், வழியில் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். நுழைந்ததும் மூக்கில் ஏறியது சூப் வாசனை. ஜன்னல் வழியே பாத்தியைப் பார்த்தேன். ஒரு குழி.

“உங்களுக்காகவே சமைச்சோம் சித்தப்பா! ஒண்ணே ஒண்ணுதான் பறிச்சோம். இன்னொண்ணு அப்படியே இருக்கு” என்றான் ரூபர்ட், ஏதோ தர்மம் செய்தவன்போல.

புதிதாய் முடி வெட்டிய தலைக்குக் கீழே வில்ஃபின் முகம் சாம்பலாகியது. கரண்டியை எடுத்தார், குடித்தார்.

“ரொம்ப நல்லாருக்கு கண்ணு.”

“வாயத் தொறந்து சொல்லுங்க வில்ஃப்! நாளைக்கு...” என்று ஆரம்பித்தேன். மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். பிறகு இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர்கள்மேல் வந்த அருவருப்பு அப்போது அவர்மேலும் வந்தது. என்ன ஜென்மம் இது!

சனிக்கிழமை காலை, ஊர் ஆண்கள் எல்லாம் தங்கள் லீக் ஜோடிகளோடு போட்டி நடக்கும் கிளப்புக்குப் போன நேரத்தில், வில்ஃப் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கினார். வேரைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றி, இமோஜன் கையில் கொடுத்தார். “வழியில சூப் வச்சுக்கோங்க.” மூட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு இருவரும் முன்னாலேயே பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்கள். முழங்கால் வலியோடு பின்னாலேயே போனார் வில்ஃப். விழுந்து வைப்பாரோ என்று நானும் கூடப் போனேன். நாங்கள் போய்ச் சேரும்போது பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அது திருப்பத்தில் மறையும்வரை கையசைத்துவிட்டுத் திரும்பினோம்.

பஸ் நிறுத்தக் குப்பைத் தொட்டியிலிருந்து லீக்கின் பச்சைத் தழை நீட்டிக்கொண்டிருந்தது. மேலே யாரோ குடித்து மிச்சம் வைத்த காப்பி வழிந்துகொண்டிருந்தது.

“த்தூ! இதுங்கள்லாம் மனுஷங்களா?”

வில்ஃப் அதை வெளியே எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். “பாரமா இருந்திருக்கும், பாவம்.”

“இன்னும் என்ன பாவம்?” என்று கத்தினேன். கிளப் வாசல் வழியாகத்தான் திரும்ப வேண்டும். உள்ளே கைதட்டல் கேட்டது. அவர் தலையைத் திருப்பவில்லை.

என் வீட்டு வாசலில் லீக்கை என் கையில் வைத்தார். “நீ சூப் வச்சுக்கோ எனிட்.” தன் கேட்டைத் திறந்தவர் நின்றார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்தபின் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“உப்பு பாத்துப் போடு. அவங்க வச்சதுல உப்பே இல்ல.”