எண்ணைக் கேட்டால் வராத பெயர்

ஆடி மாதக் குறிப்பை அனுப்பிய மறுநாள், சாமான் வாங்கக் கொடகவெல டவுனுக்குப் போனேன். பிறப்பு, இறப்பு, திருவிழா, மண் சரிந்த இடம் என்று நாங்கள் வாழும் தேயிலைத் தோட்டத்தில் நடப்பதைத் தேதியோடு எழுதி, தெரிந்தவர்களுக்கு மாதந்தோறும் மின்னஞ்சலில் அனுப்புவது என் பழக்கம். ஹார்ட்வேர் கடை முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, அவரும் அதை வாசிப்பவர். கடைக்குள் நுழைந்ததுமே கேட்டார்.

“என்ன தம்பி, எழுதுறத நிப்பாட்டிட்டீங்களா?”

“இல்லையே நானா, நேத்துக்கூட அனுப்பினேன்.”

அவருடைய போனை வாங்கி ஸ்பேம் பெட்டியைத் திறந்தேன். ஆனியில் அனுப்பியதும் ஆடியில் அனுப்பியதும் அங்கே கிடந்தன.

“நல்ல கூட்டாளிங்கதான். மேல லொத்தர் சீட்டு விழுந்தவன், கீழ முடி வளர்ற எண்ணெய், நடுவுல நீங்க,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராவில் பிறந்து, என்னோடு படித்து, இப்போது கனடாவில் இருக்கும் நண்பனின் நினைவு வந்தது. முன்பெல்லாம் குறிப்பு போன அன்றே பதில் எழுதுவான். இரண்டு மாதங்களாக ஒரு வரி இல்லை. மறந்துவிட்டான் என்று நினைத்து நானும் கேட்காமல் இருந்தேன். ஒருவேளை அவனுக்கும் போய்ச் சேரவில்லையோ?

வீட்டுக்கு வந்து தேதிகளை ஒப்பிட்டேன். தோட்டத்தின் பெயரிலேயே ஓர் இணையப் பெயர் வாங்கி, கொழும்புக் கம்பெனி ஒன்றின் சேர்வர் கணினியை வாடகைக்கு எடுத்து, அதிலிருந்து அனுப்பத் தொடங்கியது வைகாசிக் கடைசியில். அதற்குப் பிறகுதான் அவனும் மௌனமானான். பெயரைக் கொடுத்து, அந்தச் சேர்வரின் இணைய முகவரியான ஐபி எண்ணைத் தேடினால் சரியாக வந்தது. எண்ணைக் கொடுத்துப் பெயரைத் தேடினால், தோட்டத்தின் பெயருக்குப் பதில் கம்பெனியின் பெயர் வந்தது. அஞ்சலைப் பெறும் இடம் இந்த இரண்டாவது கேள்வியையும் கேட்கிறது. பதில் பொருந்தாவிட்டால் சந்தேகப்படுகிறது.

என் பக்கத்தில் எதை மாற்றியும் பயனில்லை. எண் கம்பெனியுடையது, அதன் பெயரை அவர்கள்தான் எழுத வேண்டும். லயத்துக் கதவில் அப்பா எங்கள் பெயரைப் பெயின்டால் எழுதியிருந்தார். ஆனாலும் கடிதங்கள் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வந்தன, ஏனென்றால் லயம் தோட்டத்துடையது. அதை அறிந்து வளர்ந்த எனக்கே இது உடனே பிடிபடவில்லை.

கம்பெனிக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் பேசினேன். எடுத்த பெண் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக்கொண்டு, நாளைக்குச் சரியாகிவிடும் என்றாள். அப்படியே ஆனது. நானாவுக்குப் பரீட்சார்த்தமாக ஒன்று அனுப்பினேன்.

“முன்வாசலாலேயே வந்துட்டீங்க தம்பி,” என்று போனில் சொன்னார்.

பிறகு நண்பனுக்கு எழுதினேன். நடந்ததைச் சொல்லி, தவறிய குறிப்புகளையும் சேர்த்து, கிடைத்தால் ஒரு சொல் எழுது என்று கேட்டேன். அஞ்சல் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகச் சேர்வர் காட்டியது. அந்த வாரம் முழுக்க மழை. தேநீர் ஊற்றும்போதெல்லாம் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். முன்பு அவன் எழுதாததற்குக் குறை சொல்ல ஓர் இயந்திரமாவது இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது.

“முன்னுக்கு அனுப்பினதும் வந்திச்சுடா. வேலை கூடிப்போச்சு. பொறவு எழுதுறேன்.”

வழக்கம்போல் தேதியைக் குறித்துவிட்டு, ஆவணி மாதக் குறிப்பை எழுதத் தொடங்கினேன். முதல் வரி மழையைப் பற்றியது.